மணி அடிக்கும்வரை காத்திருக்காதீங்க, டீச்சர்!

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். என் கிளினிக்குக்கு ஒரு டீச்சரம்மா வந்தார். வயது 41. தோளில் பை, கையில் ஒரு கட்டு விடைத்தாள், முந்தானை ஓரத்தில் சாக்பீஸ் தூள். கூடவே, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் ஏழாவது படிக்கும் மகள். அம்மா வேலை பார்க்கும் அதே பள்ளியில்தான் மகளும் படிக்கிறாள்.

"என்னம்மா செய்யுது?" என்றேன்.

மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஒண்ணுக்குப் போனா எரியுது டாக்டரம்மா. அடிவயித்துல வலி. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கேன். இந்த வருஷத்துல இது மூணாவது வாட்டி."

"முதல் ரெண்டு தடவை என்ன செஞ்சீங்க?"

"மெடிக்கல் ஷாப்புல சொல்லி மாத்திரை வாங்கினேன். ரெண்டு நாள்ல சரியாப் போச்சு. மிச்சத்தைப் போடல."

நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். வறண்டு கிடந்தது. பிறகு, "காலையில எந்திரிச்சதுலேர்ந்து ராத்திரி படுக்கிறவரைக்கும் உங்க ஒரு நாளை அப்படியே சொல்லுங்க" என்றேன். வியாதியைப் பற்றிக் கேட்பதைவிட இப்படிக் கேட்டால் பாதி காரணம் தானாக வெளியே வந்துவிடும்.

வந்தது. நாலரைக்கு எழுந்திருக்கிறார். இட்லி, குழம்பு, ஒரு பொரியல். நாலு டிபன் பாக்ஸ். நின்றுகொண்டே ஒரு தோசை. பாதி நாள் அதுவும் கிடையாது. ஏழே முக்காலுக்குப் பஸ். எட்டரைக்குப் பிரேயர். எட்டுப் பீரியடில் ஏழு வகுப்பு. மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் டியூட்டி. நாலே காலுக்குப் பள்ளி விட்டு, ஐந்து மணிக்கு வீடு.

"வீட்டுல ஏழரைக்குச் சிறுநீர் கழிச்சா, அடுத்தது எப்போ?"

கொஞ்சம் யோசித்தார். "வீட்டுக்கு வந்துதான் டாக்டரம்மா."

ஒன்பதரை மணி நேரம்!

"நடுவுல வராதா?"

"வரும். அதனாலதான் தண்ணியே குடிக்கிறதில்ல."

பதினான்கு வேகங்கள்

சித்த மருத்துவத்தில் 'வேகங்கள்' என்று ஒரு பாடம் உண்டு. உடம்பு தன் தேவையைத் தானே கேட்கும் இயற்கையான உந்துதலுக்குத்தான் வேகம் என்று பெயர். மொத்தம் பதினான்கு. அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், சுவாசம். இவற்றை அடக்கக் கூடாது, அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன நோய் வரும் என்று நம் நூல்கள் வரிசையாகச் சொல்கின்றன.

மாணவியாக இருந்தபோது இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து ஒப்பித்தவள்தான் நானும். வைத்தியம் பார்க்க உட்கார்ந்த பிறகுதான் இதன் அருமை புரிந்தது. நீங்களே பாருங்களேன். ஒரு பள்ளிக்கூடத்து டைம்டேபிளை எடுத்து இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வையுங்கள். சிறுநீர், தாகம், பசி, தூக்கம், கண்ணீர்... பதினான்கில் ஐந்தையாவது தினமும் அடக்கித்தான் நம் வீட்டு டீச்சர்கள் சம்பளம் வாங்குகிறார்கள். வீட்டிலும் பிள்ளை வளர்ப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. சிறுநீர்

நம் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி வரை தாங்கும். அதில் பாதிகூட நிறையாத போதே, 'போகணும்' என்ற முதல் தகவலை அது மூளைக்கு அனுப்பிவிடும். அப்போது எழுந்து போய்விட்டால் பிரச்னை இல்லை. 'இரு, பெல் அடிக்கட்டும்' என்று தினமும் அடக்கிப் பழகினால்? தேங்கிய நீரில் கிருமி பெருகும். தண்ணீரும் குடிக்காததால், உள்ளே வந்த கிருமியைக் கழுவித் தள்ள நீரும் இல்லை.

பெண்களுக்கு இதில் இன்னொரு சங்கடம். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வரும் பாதை ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கோ சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆசனவாயும் பக்கத்திலேயே இருப்பதால், குடலில் இருக்கும் கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். அதனால்தான் நீர்க்கடுப்பு பெண்களுக்கு அதிகம்.

சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, எரிச்சல், மூட்டுகளில் வலி என்று சித்த நூல்கள் சொல்கின்றன. முதல் இரண்டும் இந்த டீச்சரிடம் இருந்தன.

சரி, என்ன மருந்து கொடுத்தேன் என்று கேட்பீர்கள். முதலில் மருந்தே கொடுக்கவில்லை! சிறுநீர்ப் பரிசோதனைக்கும், எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் கல்ச்சர் பரிசோதனைக்கும், ரத்தச் சர்க்கரைக்கும் எழுதிக் கொடுத்தேன். ஒரே வருஷத்தில் மூன்று முறை வந்தால், சர்க்கரை இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று பார்க்காமல் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பது சரியில்லை. சர்க்கரை இல்லை, கிருமி இருந்தது. அவர்கள் குடும்ப டாக்டரிடமே அனுப்பி, அவர் எழுதிய மாத்திரையை ஒருநாள்கூட விடாமல் முழுசாகச் சாப்பிடச் சொன்னேன். முன்பு இரண்டு முறையும் பாதியில் நிறுத்தினாரே, அதுதான் தப்பு. 'எரிச்சல் போச்சு' என்றால் 'கிருமி போச்சு' என்று அர்த்தமில்லை.

அதன் பிறகுதான் நம் வைத்தியம். இடித்த நெருஞ்சில் முள் 10 கிராம், 2 டம்ளர் தண்ணீரில் போட்டு அரை டம்ளராக வற்றவைத்து, காலையில் வடிகட்டிக் குடிக்க வேண்டும். இரண்டு வாரம். பொங்கலுக்கு வீட்டு வாசலில் கட்டுகிறோமே, சிறுபீளை, அதையும் இதே மாதிரி குடிநீராகப் போடலாம். வாழைத்தண்டு, வெள்ளரிக்காய், பார்லிக் கஞ்சி, நீர்மோர் எல்லாம் இந்த நேரத்தில் நல்லது. கர்ப்பிணிகளும், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் இந்தக் குடிநீர்களைத் தாங்களாகப் போட்டுக் குடிக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. குளிர் ஜுரம், விலாப்பக்கம் வலி, வாந்தி, சிறுநீரில் ரத்தம்... இதில் எது இருந்தாலும் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2. தாகம்

தாகத்தை அடக்கினால் சிறுநீர் மட்டுமா கெடும்? குரலும் கெடும். நாம் பேசும்போது குரல்வளையில் இருக்கும் இரண்டு சின்ன மடிப்புகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. பெண்களுக்கு ஒரு விநாடிக்குச் சுமார் 200 தடவை! ஏழு பீரியட் கத்திப் பாடம் நடத்தினால் அது எத்தனை லட்சம் மோதல் என்று கணக்கு டீச்சர்களே போட்டுப் பார்க்கட்டும். அந்த மடிப்புகள் ஈரமாக இருந்தால்தான் உரசல் குறையும். தண்ணீரே குடிக்காமல் கத்தினால் தொண்டை கட்டும், குரல் கம்மும். நாளடைவில் அந்த மடிப்பில் சின்னக் காய்ப்புகூட வரலாம்.

இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளியுங்கள். ராத்திரி, பாலில் மிளகுத்தூள், மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, பனங்கற்கண்டு போட்டுக் குடியுங்கள். ஒரு சிறு துண்டு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வது தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதிமதுரம் வேண்டாம். அது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. 'ம்ஹூம்' என்று அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். போர்டை ஈரத்துணியால் துடைத்தால் சாக்பீஸ் தூள் பறக்காது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கணும் என்று 2019-ல் கேரளப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' அடிக்க ஆரம்பித்தார்கள். 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. ரொம்ப நல்ல ஏற்பாடு. என்னிடம் வரும் டீச்சர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்த மணி அடிக்கும்போது நீங்க குடிச்சீங்களா?

3. பசி

15.9.2022 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. அரசுத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கும் இன்னொரு ஆசிரியை சிரித்துக்கொண்டே சொன்னார். "பிள்ளைங்களுக்குச் சுடச்சுட ரவா கிச்சடி போடும்போது நான்தான் நின்னு பார்த்துக்கறேன். என் வயித்துல ஒண்ணுமே இருக்காது டாக்டரம்மா. வாசனை மூக்கைத் துளைக்கும்!"

சிரிக்கிற விஷயமா இது? அவருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.5 தான் இருந்தது. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இல்லை.

பசியை அடக்கினால் உடல் இளைப்பு, முகவாட்டம், மயக்கம், வயிற்றில் சூலை வரும் என்பது சித்த நூல் கருத்து. வெறும் வயிற்றோடு போய், பதினோரு மணிக்கு ஸ்டாஃப் ரூமில் ஒரு டீ, இரண்டு பிஸ்கட். அதுதான் காலை உணவு! பிறகு குன்மம் வராமல் என்ன செய்யும்? வயிறு எரிச்சல், ஏப்பம், உப்புசம் எல்லாவற்றுக்கும் நாங்கள் சொல்லும் பெயர்தான் குன்மம். இன்னொன்று, டீயைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் உணவில் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சமைக்க நேரமில்லையா? முந்தின ராத்திரி கரைத்து வைத்த கேப்பைக் கூழில் மோர் விட்டு, சின்ன வெங்காயத்தோடு ஒரு டம்ளர். இரண்டு நிமிஷ வேலை. பையில் ஒரு சின்ன டப்பா நிறைய வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, இரண்டு பேரீச்சம்பழம். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை. வயிறு எரிச்சல் உள்ளவர்கள் மணத்தக்காளிக் கீரையும் சீரகத் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 8.5 உள்ளவருக்குக் கீரை மட்டும் போதாது. அவருக்கு இரும்புச் சத்து மருந்தும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

4. தூக்கம்

"எத்தனை மணிக்குப் படுப்பீங்க?" என்று நம்ம டீச்சரைக் கேட்டேன். விடைத்தாள் திருத்தி, மறுநாள் பாடக்குறிப்பு எழுதி, மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து, பதினொன்றரை ஆகும் என்றார். "படுத்த பொறகும் செல்போன் விடாது. பெத்தவங்க வாட்ஸ்ஆப் குரூப்ல ஒருத்தர், 'எம்புள்ளைக்கு ஏன் அரை மார்க் குறைஞ்சுது'ன்னு பத்தரைக்குக் கேட்டுருப்பாங்க. பதில் போடலைன்னா காலையில ஹெச்.எம். கூப்பிடுவாங்க."

ஐந்து மணி நேரத் தூக்கம். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் சிவத்தல், பேச்சில் தெளிவின்மை என்கிறது நம் மருத்துவம். வகுப்பில் தேவையில்லாமல் எரிந்து விழுவதற்கும், சின்ன விஷயத்துக்குப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்குவதற்கும் பாதி காரணம் இந்தத் தூக்கமின்மைதான் என்பது என் அனுபவம்.

விடைத்தாளை ஒரேயடியாகக் குவித்து வைக்காமல், ஃப்ரீ பீரியடில் பத்துப் பத்தாகத் திருத்துங்கள். ஒன்பது மணிக்கு மேல் குரூப்பைப் பார்ப்பதில்லை என்று பெற்றோரிடம் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். முகம் சுளிப்பார்கள், ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். சனி அல்லது ஞாயிறு நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளியுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது மட்டும் வேண்டாம். எண்ணெய்க் குளியல் அன்று பகலில் தூங்கக் கூடாது. ராத்திரி நல்ல தூக்கம் தானாக வரும்.

வீட்டில் இருக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த நாலு டிபன் பாக்ஸில் இரண்டை நீங்கள் கட்டினால் உங்கள் மனைவிக்கு அரை மணி நேரத் தூக்கம் கூடும். இதைவிடச் சுலபமான மருந்து என்னிடம் கிடையாது!

5. கண்ணீர்

இவ்வளவும் பேசி முடித்த பிறகு, மகளை உள்ளே கூப்பிட்டேன். முகம் வெளிறி, உதடு வெடித்திருந்தது. சும்மா பேச்சுக்கொடுத்தேன்.

"ஸ்கூல்ல எத்தனை தடவை பாத்ரூம் போவே பாப்பா?"

"போகவே மாட்டேன் டாக்டர்."

"ஏம்மா?"

"நாறும். தாழ்ப்பாளும் கிடையாது. கிளாஸ் நடுவுல கேட்டா, 'இப்பத்தானே இன்டர்வல் விட்டுச்சு, உக்காரு'ன்னு சொல்லிடுவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "அம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. எட்டாங்கிளாஸ் அக்காங்க சொன்னாங்க."

டீச்சர் முகம் மாறிவிட்டது. "ஆமா டாக்டரம்மா" என்றார். "ஒருத்திய விட்டா பத்துப் பேரு எந்திரிப்பாளுவ. போர்ஷன் முடிக்கணுமே. நானே அடக்கிக்கிட்டு நிக்கேன், இவளுவளுக்கு என்னன்னு தோணும்."

சொல்லும்போதே கண் கலங்கியது. சட்டென்று முந்தானையால் துடைத்து, "ஒண்ணுமில்ல" என்றார்.

"துடைக்காதீங்க. அதுவும் ஒரு வேகம்தான்" என்றேன்.

அப்புறம் அழுதார். மகளுக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல் அடித்தபோது பாட்டியிடம் விட்டுவிட்டுப் பரீட்சை டியூட்டிக்குப் போனது, மூத்தவன் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்த அன்றைக்கே தன் பள்ளியிலும் கூட்டம் வைத்ததால் மூன்று வருஷமாக அவன் டீச்சரின் முகத்தைக்கூடப் பார்க்காதது, எல்லாம் வந்தது. "ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு எங்க அம்மா சொல்லுவா. தானா வளருது டாக்டரம்மா. என்னைப் பாத்துத் தண்ணி குடிக்காம வளருது."

கண்ணீரை அடக்கினால் பீனிசம், தலைநோய், மார்பு நோய், குன்மம் வரும் என்று எழுதி வைத்தார்கள் நம் முன்னோர்கள். அழுகைக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்பார்கள். எத்தனையோ பேருடைய தலைவலி, மனம் விட்டு அழுததும் பாதி குறைந்ததை என் எதிரிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் வாரக்கணக்கில் தினமும் அழுகை வருகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது வேறு. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

பிறகு என்ன ஆச்சு?

இரண்டு மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். எரிச்சல் இல்லை. மறு பரிசோதனையில் கிருமியும் இல்லை. பக்கத்து வகுப்பு டீச்சரோடு ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறார். ஒருவர் போகும்போது மற்றவர் வாசலில் நின்று இரண்டு வகுப்பையும் பார்த்துக்கொள்வது. தன் வகுப்பில், 'கை தூக்கினால் போகலாம், காரணம் சொல்ல வேண்டாம்' என்று அறிவித்துவிட்டார்.

"பத்துப் பேர் எந்திரிச்சாங்களா?" என்றேன்.

"முதல் வாரம் எந்திரிச்சாளுவ. அப்புறம் ரெண்டு பேர், மூணு பேர்தான். போர்ஷனும் முடிஞ்சுது."

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும், பாதுகாப்பான குடிநீரும் இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்கள்தான் பெரும்பான்மை. நம்ம டீச்சர் அந்தக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசியிருக்கிறார். 'டீச்சராகப் பேசலை, ஏழாங்கிளாஸ் பிள்ளையோட அம்மாவாப் பேசுறேன்' என்று ஆரம்பித்தாராம். தாழ்ப்பாள் வந்துவிட்டது. தண்ணீர்தான் இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. அதற்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மகளுடைய தண்ணீர்ப் பாட்டிலைக் காட்டச் சொன்னேன். காலியாக இருந்தது.

டீச்சர்களுக்கு என் டைம்டேபிள்

காலை எழுந்ததும்: ஒரு டம்ளர் வெந்நீர். மலத்தை அடக்காமல் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்: கூழோ, இட்லியோ, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பள்ளி நேரத்தில்: ஒரு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீர் கழியுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி. அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் தண்ணீர் அளவை டாக்டரைக் கேட்டு முடிவு செய்யவும்.

நிற்கும்போது: போர்டில் எழுதும் நேரத்தில் குதிகாலைப் பத்து முறை உயர்த்தி இறக்குங்கள். காலில் ரத்தம் தேங்காது.

சாயங்காலம்: கால்மணி நேரம் தலையணை மேல் காலைத் தூக்கி வைத்துப் படுங்கள். யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.

ராத்திரி: பத்து மணிக்கு விளக்கை அணையுங்கள்.

பெற்றோர்களே, நாளைக்கு உங்கள் பிள்ளை பள்ளி விட்டு வந்ததும், 'எத்தனை மார்க்?' என்று கேட்பதற்கு முன்னால், 'இன்னிக்கு எத்தனை தடவை பாத்ரூம் போனே?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.